படச்சுருளுக்கு முன்வந்த பயிற்சி: திம்புள்ளத் தோட்டங்களில் ஊடகமும் ஆசான்களும்

ஹட்டன், கொட்டகலை, பத்தனை, தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை என நானுஓயா வரை மலையின் மேற்குச் சரிவில் விரியும் திம்புள்ளப் பிரதேசம், 1869இல் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பிப் பயிரை அழித்த பின்னர் தேயிலைக்கு மாறி, ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பறிக்கப்படும் கொழுந்தின் மணத்தால் உலகச் சந்தையில் தனிப்பெயர் பெற்றது. அக்கொழுந்தைப் பறித்தவர்களின் வாழ்வை வெளியுலகுக்குச் சொல்லும் முயற்சியும், அதற்கு இளையோரைப் பழக்கும் முயற்சியும் இம்மலைகளில் திரைப்படத்தோடு தொடங்கவில்லை. அச்சும் பாட்டும் மேடையும் அப்பணியைப் பல பத்தாண்டுகள் சுமந்த பின்னரே திரைப்படம் அதில் சேர்ந்தது. சேர்ந்தபோதும் அது தயங்கித் தயங்கியே சேர்ந்தது.

தேயிலைத் தோட்டங்களுக்குப் படக்கருவி முதலில் வணிகத்தின் கையாளாகவே வந்தது எனலாம். தேயிலை விற்பனையைப் பெருக்குவதற்காக 1932இல் அமைக்கப்பட்ட இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபையின் பணத்தில், 1934இல் பேசில் ரைட் இயக்கிய ‘சாங் ஆஃப் சிலோன்’ என்னும் படம், உண்மையான மனிதரையும் இடங்களையும் கலைநோக்குடன் தொகுத்துக் காட்டும் ஆவணப்பட மரபின் தலைசிறந்த ஆக்கங்களுள் ஒன்றாக இன்றும் கருதப்படுகிறது. அதன் தயாரிப்பாளரான ஜோன் கிரியர்சன், முன்னனுபவம் குறைந்த இளைஞரைத் தேடிப்பிடித்து, படக்கருவியையும் தொகுப்பு மேசையையும் அவர்கள் கையில் கொடுத்து, வேலையிலேயே தொழிலைக் கற்பித்தவர். இலங்கைக்கு வந்தபோது ரைட்டுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சந்தை விலையும் கப்பல் புறப்பாடும் வணிகக் கடிதங்களின் வாசகங்களும் ஆங்கிலக் குரல்களாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒலிக்க, திரையில் தென்னையேறும் மனிதனும் கொழுந்து பறிக்கும் பெண்களும் தத்தம் வேலையில் ஆழ்ந்திருக்கும் அதன் மூன்றாம் பகுதி, உழைப்புக்கும் வணிகத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை, பணம் கொடுத்த சபையே எதிர்பார்த்திராத கூர்மையுடன் காட்டிவிடுகிறது. ஆயினும் கொழுந்து பறிப்பவளின் கூலி என்ன, அவள் எத்தகைய குடியிருப்பில் வாழ்கிறாள் என்பவை அப்படத்தின் அக்கறைகள் அல்ல.

கிரியர்சன் மரபு இலங்கையிலும் ஒரு சீடப் பரம்பரையை உண்டாக்கியது. 1948இல் நிறுவப்பட்ட அரசாங்கத் திரைப்படப் பிரிவுக்கு 1950களின் தொடக்கத்தில் வந்த ஆங்கிலேய ஆவணப்பட இயக்குநர் ரால்ப் கீனிடம் உதவியாளராகத் தொழில் பழகிய லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், அதே பிரிவிலிருந்த ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், படத்தொகுப்பாளர் டைட்டஸ் தொட்டவத்த ஆகியோருடன் 1955இல் வெளியேறி, மறு ஆண்டு ‘ரேகாவ’ படத்தைத் தந்தார். சிங்களத் திரைப்படம் தன் மண்ணில் கால்பதித்தது அப்போதுதான். திரைப்படப் பிரிவு தொடங்கிய அதே 1948இல் நிறைவேறிய குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு அவர்களின் வாக்குரிமையும் பறிபோனது. அரசுத் துறை ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்து கலை பழகும் வாய்ப்பு, குடிமகனாகவே ஏற்கப்படாதவனின் பிள்ளைக்கு எட்டாக்கனியாகவே இருந்தது. மலையகத்தில் திரைக்கலைஞர் தாமதமாகத் தோன்றியதற்குத் திறமைக் குறைவைக் காரணம் சொல்வோர் இந்தச் சட்டப் பின்னணியைக் கவனிப்பதில்லை.

தோட்டத்தவரின் சொந்தப் பயிலகம் வேறிடத்தில் உருவாகியிருந்தது. தஞ்சாவூர்ப் பகுதியிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1920களில் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய இதழ்களின் வழியே தோட்டக் கொடுமைகளை அச்சேற்றினார். 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அந்நியர் உள்ளே நுழைந்தால் அத்துமீறலாகக் கருதப்பட்ட தோட்டங்களுக்குள் அவர் துணி வியாபாரியைப் போல் வேடமிட்டுச் சென்றதாகக் கூறப்படுவது, அக்காலத்தில் செய்தி சேகரிப்பதே எத்தகைய வேலையாக இருந்தது என்பதைப் புலப்படுத்தும். எழுத்தறிவு அரிதாயிருந்த லயங்களில், அதாவது பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவிலான அறைகள் ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த குடியிருப்புகளில், பத்திரிகை மட்டும் போதாது என்பதை உணர்ந்தவர் அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள். மக்கள் அறிந்த மெட்டுகளில் தொழிலாளர் நிலையைப் பாட்டாக்கி, சிறு வெளியீடுகளாக அச்சிட்டு, கூட்டங்களில் தாமே பாடினார். விடியுமுன் தப்பு முழங்கியதும் எழுந்து பெரட்டுக் களத்தில் வேலைப் பங்கீட்டுக்காக நின்று, நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’, அதாவது பாதிநாள் கூலி, மட்டுமே விழும் என்ற அச்சத்தோடு மலையேறிய பெண்ணுக்கு, தலையங்கத்தைவிடப் பாட்டு நெடுநேரம் துணைவந்திருக்கும். காமன் கூத்தும் பொன்னர் சங்கர் கதையும் தலைமுறைகளாகப் பழகிய செவிகளுக்கு அந்த வடிவம் புதியதன்று, பொருளே புதியது.

மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான சி.வி. வேலுப்பிள்ளை இம்மரபின் அடுத்த கண்ணி. ஆங்கிலத்தில் கவிதை எழுதி வெளியுலகை எட்டிய அவரே, தோட்டத்து வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தும் வைத்தார். பிற்கால நாடகக்காரருக்கும் படக்காரருக்கும் ஒலிக்களஞ்சியமாக அமைந்தது அத்தொகுப்பு.

இளையோரைப் பழக்குதல் என்னும் சொல்லுக்கு முழுப்பொருளும் கிடைத்தது 1960களில்தான். ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கமும் திருச்செந்தூரனும் வகுப்பறையைத் தாண்டி மாணவரை எழுத்துக்கும் மேடைக்கும் பொதுவாழ்வுக்கும் ஆற்றுப்படுத்தினர். கொழும்பில் வீரகேசரி நாளிதழில் எஸ்.எம். கார்மேகம் தோட்டச் செய்திகளுக்கெனப் பக்கம் ஒதுக்கி, பெயர் அறியப்படாத தோட்டத்து இளைஞர்கள் அனுப்பியவற்றைத் திருத்தி வெளியிட்டார். மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் நடத்திய சிறுகதைப் போட்டிகளில் பரிசுபெற்ற கதைகள் 1971இல் ‘கதைக்கனிகள்’ என்ற நூலாயின. தன் மடலை ஒரு பத்திரிகையாசிரியர் பொருட்படுத்திப் படிக்கிறார் என்ற நம்பிக்கை ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிடும் தோட்டப் பாடசாலைகளின் சூழலில் எவ்வளவு பெரியது என்பதை, அக்காலத்து எழுத்தாளர் பட்டியல் நீண்ட வேகமே காட்டும். தெளிவத்தை ஜோசப், என்.எஸ்.எம். இராமையா, சாரல்நாடன் என அத்தலைமுறை திரண்டெழுந்தது. அவர்களுள் சாரல்நாடனே பின்னர் நடேசய்யரின் வரலாற்றையும் எழுதினார்.

திரைப்படம் இந்த வட்டத்துக்குள் வந்தது இருமுறை. பி.எஸ். கிருஷ்ணகுமார் இயக்கி 1963இல் வெளியான ‘தோட்டக்காரி’, அதற்கு முந்தைய ‘சமுதாயம்’ 16 மில்லிமீற்றர் படச்சுருளில் எடுக்கப்பட்டதால், இலங்கையில் 35 மில்லிமீற்றரில் உருவான முதல் தமிழ்ப் படமாக எண்ணப்படுகிறது. ஈழத்துத் தமிழ்த் திரைப்படம் தன் தொடக்கத்திலேயே தேயிலைத் தோட்டத்தைக் கதைக்களமாகத் தேர்ந்தது குறிப்பிடத்தக்கது. 1975இல் வெளியான ‘புதிய காற்று’ படத்தைத் தயாரித்து நடித்தவர் தொழிற்சங்கத் தலைவரான வி.பி. கணேசன்; எஸ். இராமநாதன் இயக்கிய அதன் எழுத்தில் தெளிவத்தை ஜோசப்புக்கும் பங்குண்டு. தொழிற்சங்கமும் சிறுகதையும் திரையில் சந்தித்த அப்படம் தென்னிந்தியப் படங்களின் போட்டிக்கிடையே வெளிவந்தது. எனினும் சிறுகதைக்குக் கார்மேகம் இருந்ததுபோலத் திரைக்கலைக்கு ஓர் ஆசான் மலையகத்தில் அமையவில்லை; ஒவ்வொரு படமும் தனி மனிதரின் துணிச்சலாகவே முடிந்தது. 1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா படப்பிடிப்பு நிலையம் தீக்கிரையாகிப் படச்சுருள்கள் பலவும் அழிந்ததால், பின்வந்தோர் முன்னோரின் படத்தைப் பார்த்துக் கற்கும் வழியும் குறுகியது.

இதற்கிடையில் தோட்டத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் எடுத்த ஒரு படம் அரசியலையே அசைத்தது. பிரித்தானியாவின் கிரனடா தொலைக்காட்சி 1973இல் ஒளிபரப்பிய ஆவணப்படம், ஒரு கோப்பைத் தேநீருக்குப் பின்னாலுள்ள பசியையும் கூலியையும் அதைக் குடிப்பவர்களின் வரவேற்பறைக்கே கொண்டுசென்று, தோட்டங்களை வைத்திருந்த கம்பனிகளின் மீது அங்கு கேள்விகளை எழுப்பியது. கம்பனித் தோட்டங்கள் 1975இல் அரசுடைமையானதற்கு அதுவே காரணம் என்பது மிகை. நிலச் சீர்திருத்தம் உள்நாட்டு அரசியலின் விளைவு. அந்தச் சீர்திருத்தத்தின் நிழலில்தான் 1977 மே மாதம், தோட்டக் காணி பிரிக்கப்படுவதை எதிர்த்த போராட்டத்தில் திம்புள்ளையின் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் என்பவர் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்.

1980களில் நாடகக்காரர் அந்தனி ஜீவா வீதி நாடகங்களைத் தோட்டங்களுக்குக் கொண்டுசென்றபோது, அரங்கும் திரையும் ஒளியமைப்பும் தேவைப்படாத அந்த வடிவம், காமன் கூத்து நிகழ்ந்த அதே முற்றங்களை மீண்டும் கண்டெடுத்தது. நுவரெலியா மாவட்டத்திலேயே 1989இல் தொடங்கிய கொத்மலைச் சமூக வானொலி, நேயர் அனுப்பும் ஐயங்களுக்கு இணையத்தில் விடை தேடி ஒலிபரப்பில் விளக்கும் முறையை 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் துணையுடன் மேற்கொண்டு உலகின் கவனத்தைப் பெற்றது. கிராமத்து இளைஞர்கள் அங்கே தொண்டர்களாகச் சேர்ந்து ஒலிவாங்கியையும் கணினியையும் ஒருங்கே பழகினர். அதன் ஒலிபரப்பு பெரும்பாலும் சிங்களத்தில் அமைந்தமையால், அண்டை மலைகளின் லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளருக்கு அந்த வசதி அதே அளவில் கிட்டவில்லை.