தலைப்பிலேயே பிடிபட்ட வக்கீல்

ஏற்காடு ஒண்டிக்கடை ரவுண்டானாவில் பனி இறங்கிவிட்டால் எதிர்க்கடை போர்டுகூடத் தெரியாது. அப்படியொரு மாலையில் சேலம் பஸ்ஸுக்குக் காத்திருந்தபடி வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் 'கும்பகோணம் வக்கீல்' மறுபதிப்பைப் பிரித்தேன். எதிரே எல்லாம் மறைந்து கிடந்தது. கையிலிருந்த மர்ம நாவலில்தான் மறைவே இல்லை.

முழுத் தலைப்பு 'கும்பகோணம் வக்கீல் அல்லது திகம்பர சாமியார்'. இந்த 'அல்லது' அக்கால நாவல்களின் வழக்கம்தான். ஆனால் இங்கே முன்பாதி குற்றவாளி, பின்பாதி துப்பறிபவர். அட்டையிலேயே முடிச்சு அவிழ்ந்துவிட்டது.

குற்றவாளியை முதலிலேயே காட்டியது பிழை என்று சொல்லமாட்டேன். ஆங்கிலத் துப்பறியும் கதாசிரியர் ஆஸ்டின் ஃப்ரீமன் 1912இல் வந்த கதைத் தொகுப்பில் அதையே ஓர் உத்தியாக்கினார். யார் செய்தது என்பது தெரிந்தபிறகு, எந்தத் தடயத்தில் மாட்டுவான் என்பது நம்மைப் பிடித்திழுக்கும். நம் கூத்திலும் துரியோதனன் சாவது தெரிந்தேதான் விடியவிடிய உட்கார்ந்திருக்கிறோம். வடுவூராருக்கு இந்தச் சமாதானத்தைச் சொல்லிப்பார்த்தேன், ஒட்டவில்லை. கூத்தில் துரியோதனனும் பீமனும் சரிக்குச் சரி. இங்கே சாமியார் தோற்கவே மாட்டார் என்பது சீக்கிரமே தெரிந்துபோகிறது. தோற்க வழியில்லாதவன் ஆட்டத்தில் நெஞ்சு எங்கே படபடக்கும்? நடுவே நீளும் பேச்சுகள் வேறு. (பேச்சு நடை மட்டும் அபாரம், அந்நாளைய தஞ்சாவூர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்பதுபோல் இருக்கும்.)

வடுவூரார் 1942இல் மறைந்தார். எட்டு ஆண்டு கழித்து, 1950இல், இந்த மலையின் அடிவாரத்திலிருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ இந்தக் கதையைப் படமாக்கியது. டி. ஆர். சுந்தரத்தின் 'திகம்பர சாமியா'ரில் எம். என். நம்பியார்தான் சாமியார். திகம்பரர் என்றால் திசைகளையே உடுத்தவர். படமோ அவருக்கு வேடத்தின்மேல் வேடமாக மாட்டியது. எந்த வேடத்திலும் அது நம்பியார் என்று பார்ப்பவனுக்குத் தெரியும், எதிரே நிற்கும் ஆளுக்குத் தெரியாது. தெரிந்து வைத்திருப்பதே அங்கே சிரிப்பாகிவிடுகிறது. காகிதத்தில் குறையாக நின்றதை ஒரு நடிகனின் முகம் சரிக்கட்டிவிட்டது.

பஸ் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடித்தபோது இருட்டிவிட்டது. ஏற்காடு ரோட்டில் அந்த ஸ்டுடியோவின் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. நாவலில் இன்னும் அறுபது பக்கம் பாக்கி. அடையாளத்துக்கு பஸ் டிக்கெட்டைச் செருகி மூடினேன். அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.