அன்னி பெசன்ட் வென்ற பள்ளி வாரியத் தேர்தல்

1878இல் லண்டன் நீதிமன்றம் ஒன்று அன்னி பெசன்ட்டிடமிருந்து அவருடைய மகள் மேபலைப் பிரித்துத் தந்தையிடம் ஒப்படைத்தது. பெசன்ட் கடவுள் மறுப்பாளர். போதாக்குறைக்கு, முந்தைய ஆண்டுதான் சக கடவுள் மறுப்பாளரான சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து கருத்தடை பற்றிய நூலை வெளியிட்டு வழக்கில் மாட்டியிருந்தார். இப்படிப்பட்டவரிடம் பெண்பிள்ளை வளர்வது சரியல்ல என்பது நீதிபதியின் முடிவு. பத்து ஆண்டுகள் கழித்து, 1888 நவம்பரில், கிழக்கு லண்டனின் டவர் ஹேம்லெட்ஸ் தொகுதி மக்கள் அதே பெண்ணைப் பள்ளிப் பிள்ளைகளின் நலன் காக்கும் வாரியத்துக்குத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். 15,296 வாக்குகள், தொகுதியில் முதலிடம்.

அடையாற்றையும் தன்னாட்சி இயக்கத்தையும் வைத்தே பெசன்ட்டை அறிந்த நாம் இந்தப் பதவியைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. சம்பளமில்லாத உள்ளூர்ப் பதவிதான். ஆனால் பிரிட்டனில் பெண்கள் தேர்தல் அரசியலுக்குள் நுழைந்த முதல் பெரிய வாசல் அதுவே.

அந்த வாசலைத் திறந்தது வில்லியம் ஃபோர்ஸ்டர் கொண்டுவந்த 1870ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம். தேவாலயங்கள் நடத்திய பள்ளிகள் போதாத ஊர்களில் மக்கள் ஒரு வாரியத்தைத் தேர்ந்தெடுக்கலாம். வாரியம் உள்ளாட்சி வரியிலிருந்து பணம் பெற்றுப் பள்ளி கட்டலாம். வேட்பாளருக்குச் சொத்துத் தகுதி கிடையாது, பெண் நிற்கக் கூடாது என்ற தடையும் கிடையாது. வரி கட்டும் பெண்கள் வாக்களிக்கவும் செய்யலாம். நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்க அவர்கள் இன்னும் 48 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்ததை நினைத்தால் இது சிறிய விஷயமல்ல. பெண்ணுரிமையில் அக்கறையால் வந்த தாராளம் என்றும் சொல்லிவிட முடியாது. பிள்ளைகளின் படிப்பு வீட்டு வேலையின் நீட்சி, அதில் பெண்கள் இருந்தால் கேடில்லை என்று எண்ணியவர்கள் ஏராளம்.

வாக்களிக்கும் முறையும் விசித்திரமானது. தொகுதியில் எத்தனை இடங்களோ அத்தனை வாக்குகள் ஒவ்வொருவருக்கும். அவற்றைப் பலருக்குப் பிரித்துப் போடலாம். மொத்தத்தையும் ஒருவருக்கே குத்திவிடவும் செய்யலாம். ஆங்கிலத் திருச்சபையினரே எல்லா இடங்களையும் வாரிக்கொள்ளாமல் கத்தோலிக்கர் போன்ற சிறுபான்மையினருக்கும் இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு அது. அதனால் பெண்களும் பயனடைந்தார்கள்.

1870 நவம்பர் 29 அன்று நடந்த முதல் தேர்தலில் மேரில்போன் தொகுதியில் நின்ற மருத்துவர் எலிசபெத் காரெட் 47,858 வாக்குகள் பெற்றார். லண்டனிலேயே அதுதான் உச்சம். அதே தொகுதியில் அவருக்குப் பின்னால் வந்தவர் புகழ்பெற்ற உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி. இந்த எண்ணைக் கண்டு மயங்கிவிடக் கூடாது: மேரில்போனில் ஏழு இடங்கள், ஆளுக்கு ஏழு வாக்குகள். எல்லாரும் அவருக்கே ஏழையும் போட்டிருந்தால் ஏழாயிரத்துக்கும் குறைவானவர்களே போதும். பெசன்ட்டின் 15,296ஐயும் இப்படித்தான் படிக்க வேண்டும். அது தலைக்கணக்கு அல்ல, வாக்குக்கணக்கு. (காரெட்டின் தேர்தல் குழுவுக்குத் தலைமை வகித்த ஜேம்ஸ் ஆண்டர்சனை அவர் மறு ஆண்டே மணந்துகொண்டார் என்பது கொசுறுச் செய்தி.)

பெண் கல்விக்காகப் போராடிய எமிலி டேவிஸ் கிரினிச்சிலும், பெண் வாக்குரிமைக்காகப் போராடிய லிடியா பெக்கர் மான்செஸ்டரிலும் அதே ஆண்டு வென்றார்கள். தச்சுத் தொழிலாளியான பெஞ்சமின் லூக்ராஃப்ட் லண்டன் வாரியத்தில் உட்கார்ந்தார். தலைவர் நாற்காலியில் இருந்தவரோ, முந்தைய ஆண்டுவரை இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த லாரன்ஸ் பிரபு. பிரபுவும் தச்சரும் பெண் மருத்துவரும் ஒரே மேசையில் அமர்ந்த சபை அன்றைய இங்கிலாந்தில் வேறெங்கும் எளிதில் கிடைத்திருக்காது.

பதினெட்டு ஆண்டுகள் கழித்துப் பெசன்ட் களமிறங்கியபோது அவருக்குப் பின்னால் ஒரு வெற்றி இருந்தது. 1888 ஜூனில் பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலையின் கூலிக் கொடுமையைத் தம் 'லிங்க்' இதழில் எழுதினார். ஜூலையில் சுமார் 1,400 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். அந்தத் தொழிற்சாலை இருந்த போ பகுதி கிழக்கு லண்டனில்தான் இருக்கிறது.

வாரியத்தில் அவர் கேட்டவை பசியோடு தொடர்புடையவை. ஏழைப் பிள்ளைகளுக்கு இலவச உணவு, மருத்துவப் பரிசோதனை, கட்டணமில்லாக் கல்வி. வாரியத்தின் ஒப்பந்தக்காரர்கள் தொழிற்சங்கம் ஏற்ற கூலியைத் தர வேண்டும் என்ற நிபந்தனை 1889இல் நிறைவேறியது. நாடாளுமன்றம் அதே வழிக்கு வந்தது 1891இல். பள்ளி உணவுக்கான சட்டம் இங்கிலாந்தில் 1906இல்தான் வந்தது. நம் ஊரிலும் இப்படி ஒரு முயற்சி நடந்தது: 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டித் திட்டத்தைத் தொடங்கியது. அதை முன்னெடுத்த நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர், பெசன்ட்டின் தன்னாட்சி அரசியலைக் கடுமையாக எதிர்த்தவர்! இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று சொல்ல வரவில்லை. பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பதை இரு தரப்பும் கண்டிருந்தன, அவ்வளவே.

பெசன்ட் ஒரு தவணையோடு நிறுத்திக்கொண்டார். 1889இல் பிரம்மஞான சபை நிறுவனர்களில் ஒருவரான பிளவாட்ஸ்கியின் நூலுக்கு மதிப்புரை எழுதப் போய் அந்தச் சபையில் சேர்ந்தவர் 1891இல் மீண்டும் நிற்கவில்லை.

பள்ளி வாரியத்தில் கிடைத்த இடம் மற்ற அவைகளில் கிடைக்கவில்லை. 1889 தொடக்கத்தில் லண்டன் மாநகரக் கவுன்சிலுக்கு வென்ற லேடி சாண்ட்ஹர்ஸ்ட், பெண் என்ற காரணத்தாலேயே நீதிமன்றத்தால் வெளியேற்றப்பட்டார். பிறகு பள்ளி வாரியங்களுக்கே கத்தி விழுந்தது. உயர்நிலைக் கல்விக்கு வரிப்பணத்தைச் செலவிட அவற்றுக்கு அதிகாரமில்லை என்று 1901இல் காக்கர்டன் வழக்கில் தீர்ப்பு வந்தது. 1902ஆம் ஆண்டுச் சட்டம் வாரியங்களைக் கலைத்துக் கல்வியை உள்ளாட்சிக் கவுன்சில்களிடம் கொடுத்தது. லண்டன் வாரியம் 1904இல் முடிந்தது. கவுன்சில்களில் பெண்கள் நிற்க முடியாது, குழுக்களில் நியமனம் மட்டுமே உண்டு. முப்பது ஆண்டுகளாகத் தேர்தலில் வென்று வந்தவர்கள் ஒரே சட்டத்தால் நியமன உறுப்பினர்களாக இறங்கினார்கள். கல்வி நிர்வாகத்தைச் சீர்படுத்தியதாகப் பாராட்டப்படும் சட்டம் இது. பெண்களின் பார்வையில் அது அப்பட்டமான பின்னடைவு. தடை நீங்க 1907 ஆனது.

அதே 1907இல் பெசன்ட் அடையாற்றில் பிரம்மஞான சபையின் தலைவரானார். 1917இல் அங்கே தொடங்கிய இந்திய மாதர் சங்கத்துக்கும் அவரே தலைவர். பெண்களுக்கு வாக்குரிமை அந்தச் சங்கத்தின் கோரிக்கைகளில் முக்கியமானது. 1921இல் சென்னை மாகாணம் பெண்களுக்குச் சட்டமன்ற வாக்குரிமை வழங்கியது. லண்டனில் 1870இல் போலவே இங்கும் வரியோ சொத்தோ உள்ளவர்களுக்கு மட்டும்தான் அது கிடைத்தது.