கடாரத்துக்குப் போகும் வழி

கடாரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மாணவர் நெஞ்சில் எழுவது இராசேந்திர சோழனின் கடற்படையே. 'கடாரங்கொண்டான்' என்னும் விருதுப்பெயர் பாடநூல்களின் வழி அத்துணை ஆழமாகப் பதிந்துவிட்டது. கொண்டவனை அறிந்த நாம், கொள்ளப்பட்ட ஊரை அறிந்தோமா? கெடா மாநிலத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழருள்ளும், அப்பழம்பதியை ஒருமுறையேனும் சென்று கண்டவர் சிலரே.

அவ்வூருக்கு வழிகாட்டி ஒரு மலை. வயல் பரந்த கெடாவின் சமவெளியில், கடலோரத்தே தன்னந்தனியாக 1,217 மீட்டர் உயர்ந்து நிற்கிறது ஜெராய். வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு அம்மலைமுடியே கலங்கரை விளக்கம். அதைக் கண்டு திசை தேர்ந்து, மெர்போக் ஆற்று முகத்துவாரத்துள் மரக்கலத்தைச் செலுத்தினர். மதிலும் அகழியும் சூழ்ந்த மாநகரை இங்குத் தேடுவோர் ஏமாற்றமடைவர். மலையடிவாரத்திலும் மெர்போக், மூடா ஆறுகளின் கரைகளிலும் சிதறிக் கிடந்த துறைகள், கோயில்கள், பட்டறைகள் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே கடாரம். அன்று நீர் நின்ற இடங்கள் பல இன்று நெல்வயல்கள்.

பட்டினப்பாலை கூறும் காழகத்தைக் கடாரம் என்றே உரை வரைந்தார் நச்சினார்க்கினியர். வேறிடம் கருதுவாரும் உளர். ஐயத்திற்கு இடமில்லாத ஒரு பயணியின் சான்று சீனத்திலிருந்து கிடைக்கிறது. பௌத்தத் துறவி இத்சிங் 671-ஆம் ஆண்டு சீனத்தை விட்டுப் புறப்பட்டு, சிறீவிசயத்தில் ஆறு திங்களும் மலாயுவில் இரண்டு திங்களும் தங்கி, பின்னர்க் கடாரம் வந்து, அங்கிருந்து ஆண்டிறுதியில் வடக்கே கப்பலேறினார். 673-இல் வங்கத்துத் தாமிரலிப்தியை அடைந்தார். காற்று மாறும்வரை காத்திருப்பதே அந்நாளைய பயணத்தின் பெரும்பகுதி. காத்திருப்போர்க்கு உணவு வேண்டும், உறையுள் வேண்டும், தொழுவதற்கு ஓர் இடமும் வேண்டும். கடாரம் வளர்ந்தது வாளால் அன்று. பருவக் காற்றால் எனலாம்.

இன்று செல்வோர் சுங்கைப் பட்டாணியிலிருந்து பீடோங் சென்று, மேற்கே திரும்பி, செமிலிங் வழியாக மெர்போக்கை அடையலாம். இடையே சுங்கை பத்துவில் இறங்குவது நன்று. 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்த அவ்விடத்தில் இரும்பு உருக்கிய உலைகளும், துருத்தி முனையில் பொருத்திய சுடுமண் குழாய்களும், செங்கல்லால் கட்டிய படகுத்துறைகளும் வெளிப்பட்டன. அவற்றின் காலத்தைக் கிறித்துவுக்கு முன்னர்க் கொண்டு செல்வோரும் மறுப்போரும் இருப்பதால், அவ்வழக்கில் நாம் புக வேண்டா. இரும்பு உருக்கிய கைகள் இம்மண்ணின் மக்களுடையவை என்பதை மட்டும் மறவாதிருப்போம்.

மெர்போக்கிற்கு அப்பால், மலையடிவாரத்தில், 1980-இல் திறக்கப்பட்ட தொல்பொருட் காட்சியகமும் அதன் மேற்புறத்தே புக்கிட் பத்து பாஹாட் சண்டியும் உள்ளன. 'உளியால் செதுக்கிய கல்லின் குன்று' என்பது அப்பெயரின் பொருள். ஊர்மக்களின் மலாய்ப் பெயரே சிற்பியின் நினைவைக் காத்திருப்பது காண்க. குவாரிச் வேல்சு என்னும் ஆங்கில ஆய்வாளர் தம் மனைவியாருடன் 1936-37-இல் ஆராய்ந்த அக்கோயிலை, அலசுதெயர் லேம் 1959-60-இல் மீட்டுக் கட்டினார். கருவறையும் முன்மண்டபமும் தமிழகக் கோயில்களை நினைவூட்டும். ஆயினும் மண்டபத் தளத்தில் வரிசையாக நிற்பவை கற்றூண்கள் அல்ல. மரத்தூண்களைத் தாங்கிய கல் அடிகள். கூரையும் அழியும் பொருளால் ஆனதே. வழிபாடு கடல் கடந்து வந்தது. கட்டிய முறையோ இந்நாட்டு மழைக்கும் மரத்திற்கும் ஏற்றது. இதைச் 'சோழன் கட்டிய கோயில்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் ஆசிரியர்களை நான் கண்டிருக்கிறேன். அதற்குக் கல்வெட்டுச் சான்று யாதும் இல்லை.

சோழரோடு கடாரத்திற்கு இருந்த உறவு ஒரு போரில் அடங்குவதும் அன்று. 1006-ஆம் ஆண்டளவில், கடாரத்து அரசன் எடுப்பித்த நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரையே அளித்தான். பெரிய லெய்டன் செப்பேடு இதைக் கூறும். 1025-இல் அவன் மகன் படையெடுத்தான். பின்னர் வீரராசேந்திரன் கடாரத்தை வென்று, தன்னை வேண்டி நின்ற அரசனுக்கே அதைத் திருப்பி அளித்ததாக மெய்க்கீர்த்தி பேசுகிறது. 1090-இல், கடாரத்தரசன் வேண்டியபடி முதலாம் குலோத்துங்கன் விகாரத்து ஊர்களுக்கு வரிவிலக்குத் தந்தான். கொடை, போர், மீண்டும் கொடை. நம் வகுப்பறைகளில் இவற்றுள் நடுவிலுள்ள ஒன்றே ஓதப்படுகிறது.

இப்பிழைக்கு நானும் விலக்கல்லன். பல்லாண்டுகள் 'கொண்டான்' பாடத்தையே முழங்கினேன். 2013-ஆம் ஆண்டு இறுதியில், சுங்கை பத்து அருகே பதினொன்று என எண்ணிட்ட சண்டியை நிலமேம்பாட்டாளர் ஒருவர் இயந்திரத்தால் தரைமட்டமாக்கிய செய்தி வெளிவந்தபோதுதான், நான் அதை ஒருநாளும் சென்று பார்த்ததில்லை என்பது உறைத்தது. அவ்விடம் மரபுடைமையாக அரசிதழில் பதியப்படாதிருந்தது. பார்க்க எண்ணியபோது பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அதன்பின் ஆண்டுதோறும் பிள்ளைகளை அழைத்துச் செல்லலானேன்.

அத்தகைய ஒரு பயணத்தில், குரூணிலிருந்து ஏறும் பாதை வழியே மலைமேல் சென்றிருந்தோம். பால்மரம் வெட்டும் குடும்பத்துச் சிறுவன் ஒருவன், "ஐயா, அப்படியானால் எங்கள் பாட்டனார் சோழர் கப்பலில் வந்தவரா?" என்று கேட்டான். உடன் வந்தோர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'ஆம்' என்பது எளிது, அவன் மகிழ்ந்திருப்பான். ஆனால் அவன் முன்னோர் வந்தது கங்காணியின் வழி. நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, ஒப்பிய கூலிக்குக் காடு திருத்தியவர்கள் அவர்கள். 'ரஜூலா' போன்ற கப்பல்கள் ஓடிய அக்கடல்வழியின் ஒரு முனை, சூடாமணி விகாரம் நின்ற அதே நாகப்பட்டினம்; மறுமுனை, இம்மலை காணும் கரை. அரசர் வந்த வழியில்தான் அவரும் வந்தார், அரசராக வரவில்லை என்றேன்.

அவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பின்னர், "நாகப்பட்டினம் எந்தப் பக்கம், ஐயா?" என்றான். மேற்கே, சற்று வடக்காகக் கை நீட்டிக் காட்டினேன். அன்று கடலில் மூட்டம். பினாங்குத் தீவுகூடத் தெளிவாகத் தெரியவில்லை.