முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கை



பள்ளிக்கூடத்தை நிறுவுவது ஒரு காரியம். அதற்குப் பிள்ளைகளை நாள்தோறும் உரிய வேளையில் வரச் செய்வது மற்றொரு காரியம். முன்னதைப் பற்றி நம் வரலாற்று நூல்கள் விரிவாகவே பேசுகின்றன. பின்னதைப் பற்றிய செய்திகளோ பழைய அறிக்கைகளிலும் வாழ்க்கை வரலாறுகளிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் சிலவற்றைத் தொகுத்துச் சொல்ல விரும்புகிறேன். இந்த வரலாற்றில் நாம் விட்டுவந்த சென்னைக்கும் பங்கு உண்டு. நாம் வந்து சேர்ந்த கல்கத்தாவுக்கும் பங்கு உண்டு. டாலிகஞ்சில் குடியிருக்கும் தமிழர்க்கு இரண்டும் சொந்தமே அல்லவா?

1822-ஆம் ஆண்டில் சென்னை மாகாணக் கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ, தம் ஆட்சிக்குட்பட்ட ஜில்லாக்களில் எத்தனை பள்ளிகள் உள்ளன, எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று கணக்கெடுக்கப் பணித்தார். கலெக்டர்கள் பலர் எண்களை மட்டும் அனுப்பிவிட்டு ஓய்ந்தனர். பல்லாரி ஜில்லாக் கலெக்டராயிருந்த காம்பெல் என்பார் அவ்வாறு செய்யவில்லை. 1823 ஆகஸ்டு மாதம் அவர் எழுதிய நீண்ட கடிதத்தில், 533 பள்ளிகளில் 6,641 மாணவர் படித்தனர் என்ற கணக்கோடு, பள்ளி நடந்த விதமும் எழுதப்பட்டிருக்கிறது.

காலை ஆறு மணிக்குப் பள்ளி தொடங்கும். முதலாவதாக வந்து நுழையும் பிள்ளையின் உள்ளங்கையில் 'சரஸ்வதி' என்று கலைமகள் பெயரை எழுதுவார்கள். அது அவனுக்குக் கிடைக்கும் சிறப்பு. இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு சுழி. அவனுக்குப் புகழுமில்லை, இகழுமில்லை. மூன்றாமவனுக்கு மெதுவாக ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு அடி, அதன் பின் வருவோர்க்கு ஒவ்வோர் அடி கூடிக்கொண்டே போகும். முப்பது பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் கடைசியாக வருபவனின் கதியை எண்ணிப் பாருங்கள்! அவன் வழியிலேயே திரும்பிப் போயிருந்தால் அதில் வியப்பில்லை. வேளை தவறாமைக்காக ஏற்பட்ட அந்த முறையே வருகையைக் கெடுத்திருக்கவும் கூடும் என்பது என் கருத்து.

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளிலும் இதை ஒத்த வழக்கம் இருந்தது. முதலில் வரும் பிள்ளைக்கு 'வேத்தான்' என்று பெயர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் 'என் சரித்திரம்' நூலில் தாம் பயின்ற பள்ளியைச் சொல்லும்போது இதனைக் குறிப்பிட்டிருக்கிறார். வேத்தானாவதற்குப் பிள்ளைகளுக்குள் பெரும் போட்டி நடக்குமாம். கோழி கூவுமுன் எழுந்து ஓடிய சிறுவர்கள் கல்வி ஆசையால் ஓடினார்களா, பிரம்புக்கு அஞ்சி ஓடினார்களா என்பதை அவரவர் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

காம்பெல்லின் கடிதத்தில் பலரும் கவனியாத மற்றொரு பகுதி இருக்கிறது. பள்ளிகள் ஏன் குறைந்துவருகின்றன என்று அவர் ஆராய்கிறார். நடுத்தர வகுப்பினரும் ஏழைகளும் பிள்ளைகளின் படிப்புச் செலவைத் தாங்க முடியாத நிலைக்கு வந்துவிட்டனர். சிறு வேலை செய்யும் அளவுக்குக் கைகால் தேறியவுடனே பிள்ளையின் உழைப்பு வீட்டுக்குத் தேவைப்படுகிறது என்று அவர் எழுதுகிறார். இதற்குக் கும்பினி ஆட்சியின் பொருளாதார விளைவுகளே காரணம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. தாமதமாக வந்த பிள்ளையின் கையில் அடி விழுந்ததை எழுதிய அதே பேனா, அந்தப் பிள்ளை ஏன் வரவில்லை என்பதையும் எழுதியிருக்கிறது. பின்னர் வந்த நூறு ஆண்டுகளும் முதற் செய்தியையே பிடித்துக்கொண்டன, இரண்டாவதை மறந்தன.

இனி, கல்கத்தாவுக்கு வருவோம். 1800-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்திலிருந்து டேவிட் ஹேர் என்பவர் இங்கே வந்தார். கடிகாரத் தொழில் செய்து பொருள் ஈட்டியவர். பிறகு அத்தொழிலை நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, எஞ்சிய வாழ்நாளையெல்லாம் வங்கச் சிறுவர்களின் கல்விக்கே செலவிட்டார். 1817-இல் இந்துக் கல்லூரி தோன்ற முன்னின்றவர்களுள் இவரும் ஒருவர். மறு ஆண்டில் ஏற்பட்ட கல்கத்தாப் பள்ளிச் சங்கத்தில், ராஜா ராதாகாந்த தேவருடன் இவரும் செயலாளராக இருந்தார்.

ஹேர் துரை பிரம்பை நம்பவில்லை. நாள்தோறும் பல்லக்கில் ஏறிப் பள்ளி பள்ளியாகச் செல்வார். வருகைப் பதிவேட்டைப் பார்ப்பார். எவன் வரவில்லையோ அவன் வீட்டுக்கே போய் விசாரிப்பார். பல்லக்கில் மருந்துகள் இருக்கும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு மருந்து கொடுப்பார். ஊர் சுற்றப் போன பிள்ளையைத் தேடிப் பிடிப்பார். தந்தனியாக் காளி கோயிலுக்கு அருகில் ஆர்புலி என்ற இடத்தில் அவர் நடத்திய வங்காளிப் பாடசாலையில், மாதம் முழுவதும் தவறாது வந்தவனுக்குச் சிறிது காசு பரிசாகக் கிடைத்தது; விடுபட்ட நாள் கூடக் கூட அது குறையும். கடிகாரக்காரர் அல்லவா, கணக்கு விடுவாரா? அந்தப் பல்லக்கின் பின்னே, தங்களையும் பள்ளியில் சேர்த்துக்கொள்ளும்படி ஏழைச் சிறுவர்கள் கெஞ்சிக்கொண்டு ஓடுவார்கள். அவ்வாறு பல நாள் ஓடி இடம் பெற்றவர்களுள் ஒருவர், பிற்காலத்தில் வங்கம் போற்றிய ஆசிரியரான ராம்தனு லாஹிரி.

1842 ஜூன் முதல் தேதி வாந்திபேதியால் ஹேர் இறந்தார். கிறிஸ்தவ மயானத்தில் இடம் மறுக்கப்பட்டதால், கல்லூரிச் சதுக்கத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

ஹேர் துரையின் முறையில் ஒரு குறை உண்டு. அது ஒரு மனிதரின் அன்பையே அச்சாணியாகக் கொண்டது. பல்லக்கு எத்தனை தெருவுக்குத்தான் போகும்?

இதற்கு வேறு வகையான விடை, நாம் வாழும் இந்த டாலிகஞ்சின் சுற்றுப்புறத்திலேயே கிடைக்கிறது. 1947-க்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் ஆசாத்கர், நேதாஜி நகர் முதலிய குடியிருப்புகளைத் தாங்களே அமைத்தனர். மூங்கில் தட்டியும் தகரமும் கொண்டு வீடு கட்டிய கையோடு பள்ளியும் கட்டினர். அகதிகளாக வந்த ஆசிரியர்கள் அவற்றிற் கற்பித்தனர். பெற்றோரே மண் சுமந்து எழுப்பிய பள்ளிக்குப் பிள்ளை போகவில்லையென்றால், தெருவே கேட்கும். நிலத்துக்குப் பட்டா இல்லை. பள்ளிக்குப் பதிவேடு உண்டு! அந்தப் பதிவேட்டை வங்காளிகள் 'ஹாஜிரா காத்தா' என்கின்றனர். நம் கச்சேரித் தமிழில் வழங்கும் 'ஆஜர்' என்ற சொல்லும் அதே அரபு மூலத்திலிருந்து வந்ததே. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவனுக்கு இத்தகைய உறவுமுறைகள் கண்ணிற் படாமற் போகா.

சென்னையிலோ விடை சோற்றிலிருந்து வந்தது. 1920-ஆம் ஆண்டில், சர் பிட்டி தியாகராய செட்டியார் தலைமையில் சென்னை நகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகலுணவு அளிக்கத் தீர்மானித்தது. தலைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. வறுமையினாலேயே பிள்ளைகள் வருவதில்லை என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட தீர்மானம் அது. பிள்ளைகள் தொகை பெருகிற்று. வேறு பள்ளிகளுக்கும் திட்டம் பரவிற்று. ஆயினும் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவிடுவதை அரசாங்கம் ஏற்காமையால், 1925-இல் அது தடைப்பட்டது. சோறு கல்வியைச் சேர்ந்ததன்று என்பது அந்நாளைய கணக்குத் துறையின் சித்தாந்தம் போலும்!

காமராசர் முதலமைச்சராயிருந்தபோது, 1956-இல் மதிய உணவு மாகாணம் தழுவிய இயக்கமாயிற்று. கல்வித் துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அதற்கு உறுதுணையாக நின்றார். அரசாங்கப் பணத்தோடு ஊராரின் அரிசியும் காய்கறியும் பள்ளிக்கு வந்தன. 1982 ஜூலை முதல் தேதி எம். ஜி. இராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2001 நவம்பரில், நாடெங்கும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2003-ஆம் ஆண்டளவில் மேற்கு வங்கப் பள்ளிகளிலும் அடுப்பு மூண்டது.

இதில் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. பகலுணவு பிள்ளையைப் பள்ளிக்கு வரச் செய்யும். ஆனால் முதல் மணிக்கே வரச் செய்யும் என்று சொல்ல முடியாது. பத்தரை மணிக்கு வந்தாலும் சோறு கிடைக்குமே! 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில், வகுப்பு தொடங்குமுன்னரே உணவு பரிமாறப்படுகிறது. பல்லாரியில் பிரம்பு செய்ய முயன்ற காரியத்தை, இங்கே ஒரு தட்டு உப்புமாவும் கிச்சடியும் செய்கின்றன.

நம்மவர் வீடுகளில் பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமைக்குப் பெரும்பாலும் பசி காரணமன்று. ரயில் வண்டி காரணம். மேற்கு வங்க அரசுப் பள்ளிகளில் கல்வியாண்டு ஜனவரியில் பிறக்கிறது. புத்தகம் கொடுப்பதும் பெயர் பதிவதும் அம்மாத முதல் வாரத்திலேயே நடக்கும். நாமோ தைப் பொங்கலுக்கென்று டிக்கெட் எடுத்துக்கொண்டு புறப்பட்டு, மாதக் கடைசியில் திரும்புகிறோம். பிள்ளை திரும்பி வரும்போது முதற் பாடம் முடிந்திருக்கும். பக்கத்து இருக்கைத் தோழமைகளும் அமைந்திருக்கும். வங்காளம் வீட்டுமொழியாக இல்லாத பிள்ளைக்கு அந்த மூன்று வாரம் மற்றவர்க்கு ஆறு வாரம். பூஜை விடுமுறையோ நீண்டது. பல ஆண்டுகளில் தீபாவளியையும் ஒட்டி வருவது. ஊரிலுள்ள பெரியவர்களுக்கு ஒரு கடிதம் எழுதி, பயணத்தை அதற்கு மாற்றிக்கொண்ட குடும்பங்கள் சிலவற்றை நான் அறிவேன். பாட்டிமார் முதலாண்டு சற்று முணுமுணுத்தார்கள். மறு ஆண்டு தீபாவளிக்கு எண்ணெய் காய்ச்சி வைத்துக் காத்திருந்தார்கள்.