எம்மா (நாவல்)

ஜேன் ஆஸ்டின் எழுதிய ஆங்கில நாவல். 1815 டிசம்பரில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. நாயகி எம்மாவைப் பற்றிக் கதைசொல்லி படர்க்கையில் பேசினாலும், ‘என்று எம்மா நினைத்தாள்’ என்ற அடையாளம் இல்லாமலே அவள் எண்ணம் கதைசொல்லியின் வாக்கியமாகிவிடுகிறது. பெற்றோர் யாரெனத் தெரியாத தோழி ஹாரியட்டுக்குக் குத்தகை உழவர் மார்ட்டின் தகுதியல்ல, பாதிரியார் எல்டனே பொருத்தம் என்று எம்மா போடும் கணக்கில் வாசகரும் சிக்கிக்கொள்கிறார். எல்டன் குறிவைத்ததோ 30,000 பவுன் சொத்துள்ள எம்மாவை! பாக்ஸ் ஹில் உலாவில், நொடித்துப்போன மிஸ் பேட்ஸை அவள் எள்ளி நகையாடியதை நண்பர் நைட்லி கண்டிக்கும்போது, அந்தச் செருக்கின் கொடுமை அவளுக்கே உறைக்கிறது. இறுதியில் ஹாரியட் உழவரையும் எம்மா நிலக்கிழார் நைட்லியையும்தானே மணக்கிறார்கள், இதில் வர்க்க விமர்சனம் எங்கே என்று கேட்கலாம். படிநிலை குலையவில்லைதான், மேலிருந்து பிறரை எடைபோடும் கண் பிழைபடாது என்ற நம்பிக்கையே குலைகிறது. அதைச் சாதித்தது கதைமுடிவன்று, சொல்முறை.