கைரோஸ் ஆவணம்

தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியையும், அதைக் கண்டிக்கத் தயங்கிய திருச்சபைகளையும் ஒருசேரக் கேள்வி கேட்ட இறையியல் அறிக்கை கைரோஸ் ஆவணம். சொவேட்டோவில் தொடங்கிய கலந்துரையாடல்களில் உருவாகி, 150க்கும் மேற்பட்டோரின் கையெழுத்துடன் 1985 செப்டம்பர் 25 அன்று வெளியானது.

திருச்சபை நிறவெறிக்குத் துணைபோனதன் வேர் நீளமானது. 1857இல் டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் பேரவை, 'சிலரின் பலவீனத்தை' முன்னிட்டு, வெள்ளையரல்லாத கிறிஸ்தவர்கள் தனியே வழிபட இடமளித்தது. விதிவிலக்கு விதியாயிற்று, 1881இல் அவர்களுக்கெனத் தனித் திருச்சபையே அமைக்கப்பட்டது. 1948இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்து நிறப் பாகுபாட்டைச் சட்டங்களாக்கியபோது, அதற்கு வேண்டிய வேத விளக்கம் கைவசம் இருந்தது.

1960 மார்ச்சில் ஷார்ப்வில்லில் காவல்துறை 69 பேரைச் சுட்டுக் கொன்றது. அதன்பின் டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் போதகர் பேயர்ஸ் நௌடே தம் மக்களையே எதிர்த்து நின்றார். 1963இல் அவர் தொடங்கிய கிறிஸ்தவ நிறுவனத்தை அரசு 1977இல் தடைசெய்தது. 1982இல் ஒட்டாவாவில் கூடிய சீர்திருத்தத் திருச்சபைகளின் உலகக் கூட்டணி, நிறவெறிக்கு இறையியல் நியாயம் கற்பிப்பது வேதப்புரட்டு என்று அறிவித்தது.

1985 ஜூலையில் அதிபர் போத்தா அவசரநிலையைப் பிரகடனம் செய்தார். கறுப்பின மக்களின் நகரியங்களில் படைகள் இறங்கின. சூழல்சார் இறையியல் நிறுவனத்தின் பொதுச்செயலர் பிராங்க் சிக்கானே, தொமினிக்கன் துறவி ஆல்பர்ட் நோலன் முதலியோர் போதகர்களுடனும் விசுவாசிகளுடனும் கூடி ஆவணத்தை எழுதினர்.

அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13ஆம் அதிகாரத்தைத்தான் ஆட்சியாளர்கள் கேடயமாகப் பிடித்தார்கள். ஆவணம் இதை 'அரசு இறையியல்' என்றது. எந்த அரசுக்கும் கிறிஸ்தவர் கட்டுப்பட வேண்டியதில்லை என்று எண்ணிய சிலருக்குப் பவுல் எழுதிய பதிலே அந்த அதிகாரம் என்று அது விளக்கியது. கொடுங்கோலுக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டல்ல. அரசு தீமைக்கு ஊழியம் செய்யும் காலத்தில் வெளிப்படுத்தின விசேஷம் 13ஆம் அதிகாரத்து மிருகத்தையும் வாசியுங்கள் என்றது ஆவணம்.

ஆனால் அதன் கூர்மையான பகுதி, நிறவெறியை ஏற்காத திருச்சபைகளை நோக்கியது. அவை ஒப்புரவைப் பேசின. ஒடுக்குகிறவர் மனந்திரும்பாமல் வரும் ஒப்புரவு எவ்வகை ஒப்புரவு? கல்லெறிந்த இளைஞரின் செயல் வன்முறை எனப்பட்டது. படைகளின் துப்பாக்கிச்சூட்டுக்கு அந்தச் சொல் அரிதாகவே வந்தது. சுடுகிறவரும் சுடப்படுகிறவரும் ஒரே ஞானஸ்நானம் பெற்று ஒரே திருவிருந்தில் பங்கெடுத்தவர்கள். திருச்சபையே இப்படிப் பிளவுபட்டிருக்கையில் நடுநிலை என்பது வலியவர் பக்கம் நிற்பதே. 'திருச்சபை இறையியல்' என்று இப்போக்கைச் சாடிவிட்டு, போராடும் மக்களோடு நிற்கும் 'தீர்க்கதரிசன இறையியலை' அது முன்வைத்தது. இத்தனை நேர்மையான தன்விமர்சனம் திருச்சபை வரலாற்றில் அபூர்வம்.

எதிர்ப்பும் கிளம்பியது. நிறவெறியின் தீராப் பகைவரான பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவே இதில் கையெழுத்திடவில்லை. 1986இல் திருத்திய பதிப்பு வந்தது. அதன் வழியில் 1989இல் ஏழு நாட்டுக் கிறிஸ்தவர்களின் 'தமஸ்குவுக்குப் போகும் வழி' அறிக்கையும், 2009இல் பெத்லகேமில் பாலஸ்தீனக் கைரோஸ் அறிக்கையும் வெளிவந்தன.

1990 நவம்பரில் ரஸ்டன்பர்க்கில் நடந்த திருச்சபைகளின் மாநாட்டில், டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் பேராசிரியர் வில்லி யோங்கர் நிறவெறிப் பாவத்தை அறிக்கையிட்டார். டூட்டு அந்தப் பாவ அறிக்கையை ஏற்றார். கறுப்பினப் பிரதிநிதிகள் சிலருக்கு அது போதவில்லை. பறித்த நிலம் திரும்ப வேண்டாமா என்ற கேள்வி மாநாட்டின் இறுதி அறிக்கையிலும் இடம்பெற்றது.