அறையிலிருந்து ஆளுக்கு: ஃப்ரெட் ஹாம்ப்டன் கொலை திரையில் மாறிய விதம்

ஷாக்கா கிங் இயக்கி 2021 பிப்ரவரியில் வெளிவந்த ‘ஜூடாஸ் அண்ட் த பிளாக் மெசையா’, கருஞ்சிறுத்தைகள் கட்சியின் இல்லினாய்ஸ் கிளைத் தலைவர் ஃப்ரெட் ஹாம்ப்டனையும் அவரைக் காட்டிக்கொடுத்த வில்லியம் ஓநீலையும் பற்றிய படம். ஹாம்ப்டனாக நடித்த டேனியல் கலூயாவுக்குத் துணை நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது. ஓநீலாக நடித்த லக்கீத் ஸ்டான்ஃபீல்டும் அதே பிரிவில்தான் பரிந்துரைக்கப்பட்டார். தலைப்பில் இருக்கும் இருவரும் துணைப் பாத்திரங்கள் என்றால் முதன்மைப் பாத்திரம் யார்? அரசு என்பதே என் விடை. ஆனால் இந்தக் கொலை திரைக்கு வந்த அரை நூற்றாண்டில் அரசு பின்னுக்குப் போய், துரோகி முன்னுக்கு வந்திருக்கிறான். அது நடந்த விதத்தைச் சான்றுகளின் வழியே பார்க்கலாம்.

1969 டிசம்பர் 4 விடியற்காலை, சிகாகோவின் மேற்கு மன்ரோ தெரு 2337ஆம் எண் வீட்டுக்குள் 14 போலீஸார் சுட்டுக்கொண்டே நுழைந்தனர். 21 வயது ஹாம்ப்டனும் 22 வயது மார்க் கிளார்க்கும் இறந்தனர். உள்ளே இருந்தவர்கள் சரமாரியாகச் சுட்டார்கள் என்றார் அரசு வழக்கறிஞர் எட்வர்ட் ஹன்ரஹன். ஆனால் வீட்டுக்கு முத்திரை வைக்காமலே போலீஸ் போய்விட்டது. கட்சியினர் கதவைத் திறந்துவைக்க, ஆயிரக்கணக்கானோர் வரிசையில் வந்து குண்டு துளைத்த சுவர்களையும் இரத்தம் ஊறிய மெத்தையையும் பார்த்தார்கள். சிறுத்தைகள் சுட்ட தடயம் என்று ‘சிகாகோ ட்ரிப்யூன்’ படம் போட்டுக் காட்டிய துளைகள், கிட்டே போய்ப் பார்த்தால் ஆணித் தலைகள்! போலீஸார் சுட்டவை 82 முதல் 99 குண்டுகள் வரை இருக்கலாம், உள்ளேயிருந்து வெடித்தது ஒன்றே என்று 1970இல் கூட்டாட்சிப் பெருநடுவர் குழு கண்டறிந்தது. ஹாவர்ட் ஆல்க் இயக்கி 1971இல் வந்த ‘த மர்டர் ஆஃப் ஃப்ரெட் ஹாம்ப்டன்’ ஆவணப்படம் இந்த வீட்டையே சாட்சியாக நிறுத்தியது. அதில் யூதாஸ் கிடையாது. ஓநீல் உளவாளி என்பது வெளியே தெரிய 1973 ஆயிற்று. குற்றவாளிக் கூண்டில் நின்றது அரசு மட்டுமே.

பிறகு வந்தவை கோப்புகள். 1971 மார்ச்சில் பென்சில்வேனியாவின் மீடியா நகர எஃப்.பி.ஐ. அலுவலகத்திலிருந்து சிலர் ஆவணங்களை எடுத்து வெளியிட்டதில் இரகசியத் திட்டங்கள் அம்பலமாகத் தொடங்கின. கறுப்பின மக்களை ஒன்றுதிரட்டக்கூடிய ஒரு ‘மெசையா’ எழுந்துவிடாமல் தடுக்க வேண்டும் என்று 1968 மார்ச் ஆவணம் ஒன்று கட்டளையிட்டிருந்தது. படத்தின் தலைப்பிலுள்ள சொல் பக்தர்களின் சொல்லன்று, வேட்டையாடியவர்களின் சொல். உயிர்தப்பியவர்களும் குடும்பத்தாரும் தொடுத்த உரிமையியல் வழக்கில் இன்னொன்றும் வெளிவந்தது: ஹாம்ப்டனின் படுக்கை எங்கே என்று குறித்த வீட்டு வரைபடம். அதற்கான தகவலைத் தந்தவர் ஓநீல். அதற்காக 300 டாலர் சன்மானம் கோரி, ஒப்புதல் பெற்றுக் கொடுத்தது எஃப்.பி.ஐ.யின் சிகாகோ அலுவலகம். துரோகத்துக்குக் கோப்பும் கையொப்பமும் இருந்தன. காரைத் திருடி மாட்டிக்கொண்ட ஓர் இளைஞனை வழக்கைக் காட்டி வளைத்து உள்ளே அனுப்பியதும் அதே அலுவலகம்தான்.

2021 படம் இதை மறைக்கவில்லை என்பது நியாயமான மறுப்பு. எஃப்.பி.ஐ. அதிகாரி ராய் மிட்செல் ஓநீலை உணவகங்களில் உட்காரவைத்துப் பேசும் காட்சிகள், இயந்திரம் எப்படி ஓடுகிறது என்பதை எந்த ஆவணப்படத்தையும்விடத் தெளிவாகக் காட்டுகின்றன. சுடும்போது கேமரா ஹாம்ப்டனிடம் போகாமல், நிறைமாதக் கர்ப்பிணியான அவருடைய காதலி டெபோரா ஜான்சனின் முகத்திலேயே நிற்பதைச் சிறந்த முடிவாகவே கருதுகிறேன். ஆனால் ஓநீல் ஹாம்ப்டனுக்கு மயக்கமருந்து கொடுத்ததாகப் படம் காட்டுவது வேறு விஷயம். தனியார் பிரேதப் பரிசோதனையில் மருந்து இருந்ததாகவும், எஃப்.பி.ஐ. சோதனையில் இல்லை என்றும் முடிவுகள் முரண்பட்டன. கொடுத்தது யார் என்பது நிறுவப்படவே இல்லை. ஐயத்தில் நிற்பதைத் தனிமனிதன் தலையில் ஏற்றும்போது பாரம் அலுவலகத்திலிருந்து இறங்கிவிடுகிறது. வயதும் அப்படித்தான். ஹாம்ப்டனுக்கு 21, ஓநீலுக்கு 20. முப்பதை ஒட்டிய நடிகர்களைப் பார்க்கும் நமக்கு, ஓர் அரசு இரண்டு பையன்களை மோதவிட்டது என்பது உறைப்பதில்லை.

துரோகியின் கண்வழியே சொல்லாவிட்டால் இவ்வளவு பேர் பார்த்திருக்க மாட்டார்கள் என்பார்கள். இருக்கலாம். ஆனால் மக்கள் வரிசையில் நின்று பார்த்த அந்த வீட்டுக்கும் இதே கூட்டம் வந்தது. அங்கே இழுத்தது துரோகியின் மனப்போராட்டம் இல்லை, சுவர். 1972 தேர்தலில் ஹன்ரஹன் தோற்றதற்கு அந்தச் சுவரைப் பார்த்த கறுப்பின வாக்காளர்களின் சினம் பெருங்காரணம். உயிர்தப்பியவர்களும் குடும்பத்தாரும் 1970இல் தொடுத்த வழக்கு 1982இல் 18.5 லட்சம் டாலருக்குச் சமரசமானது. கூட்டாட்சி அரசு, குக் மாவட்டம், சிகாகோ நகரம் மூன்றும் அதைப் பங்கிட்டுக் கொடுத்தன. இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் படத்தின் முடிவில், ஓநீலின் உண்மையான பேட்டித் துண்டை அடுத்து, சில வரி எழுத்துகளாகத் திரையில் வந்து மறைகின்றன.